மடுல்சீமை இறக்கத்தில் அடங்கிய சத்தம்

நானா,

இன்று காலை லுணுகலைக் கடைவீதியில் ஒரு லொறி என்னைக் கடந்து போனது. அதன் கியர்க் கம்பி கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. ஒரு கடையோரமாக ஒதுங்கி நின்றேன். எனக்கு அண்ணன் போலிருந்த நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்கிறேன்.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்ட நாளில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். இரவெல்லாம் வலி கண்டு, விடிந்தும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கைவிரித்ததும், தோட்டத்திலிருந்து தேயிலை ஏற்றிப் பதுளைக்குப் புறப்பட்டு நின்ற உங்கள் லொறியை நோக்கி ஓடி வந்தேன்.  தேயிலைப் பெட்டிகளில் பாதியைத் தோட்டத்து ஸ்டோரிலேயே இறக்கி வைத்தீர்கள். அந்த இடத்தில் சாக்குகளை விரித்து அவளைக் கிடத்தினோம். என் அக்கா அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்; நான் முன்னால் உங்கள் பக்கத்தில் ஏறினேன்.

மடுல்சீமை இறக்கம் தொடங்கியதும் கியர்க் கம்பி உதறியது. இரும்புச் சாமான்களை மூட்டை கட்டிக் குலுக்குவது போன்ற சத்தம். ஒவ்வொரு உதறலுக்கும் பின்னாலிருந்து அவள் அலறினாள்.

"வண்டி ஒடையுது! என்னைய எறக்கி விடுங்க!"

ஒரு வளைவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தீர்கள். கம்பியின் அடிமூடியைக் கழற்றினால், அதன் குமிழ் உட்காரும் குழி தேய்ந்து அகன்று கிடந்தது. உங்கள் இடுப்பு வாரின் நுனியை அறுத்து, கிரீஸ் தடவி, குமிழைச் சுற்றிச் செருகி மூடியை முறுக்கினீர்கள்.

"சத்தம் அடங்கிரும், தம்பி. ஆனா கியர் கழண்டா வண்டி தன்னால ஓடிரும். ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டே வாங்க. என்ன நடந்தாலும் விட்டுறாதீங்க."

சத்தம் அடங்கியது. கொஞ்ச தூரத்தில் அவள் அலறலும் அடங்கியது.

அதன் பிறகுதான் என்னைப் பயம் பிடித்தது. "அக்கா!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். அதற்குள் பிடித்துக்கொண்ட மழைதான் லொறியின் படுதாவில் அறைந்தது. பக்கத்தில் அடி தெரியாத பள்ளம், அதில் பனி. கைக்குள் கம்பி துடித்துக்கொண்டிருந்தது. எழுந்து பார்க்க வேண்டுமென்றால் அதை விட வேண்டும். விட்டால் எல்லாரும் போவோம்.

"நானா, நிப்பாட்டுங்க! அவ போயிட்டா!"

"இந்தச் சேத்துல நிப்பாட்டுனா வழுக்கிரும். புடிங்க, தம்பி!"

பிறகு நீங்கள் வாய் ஓயாமல் பேசினீர்கள். உங்கள் வீட்டு ஆடு பக்கத்து வீட்டுப் பாயைத் தின்ற கதை மட்டும் நினைவிருக்கிறது. இந்த நேரத்தில் ஆட்டுக் கதையா என்று உள்ளுக்குள் உங்களை வைதேன்.

பசறையில் பாதை சமமானதும் குதித்து ஓடிப் படுதாவைத் தூக்கினேன். அக்கா வாயில் விரலை வைத்தாள்.

"கத்தாதடா. சத்தம் நின்னப்பறந்தான் பாவம் கண்ணசந்தா."

அன்றே பதுளை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். வெளியே நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போய், முடியாமல் கீழே வைத்தீர்கள். அதற்குள் தேத்தண்ணி பாதி சிந்திவிட்டது.

"உங்களுக்குமா பயம், நானா?"

"பின்ன? ஆட்டுக் கதைய எனக்குத்தானே சொல்லிக்கிட்டேன்."

எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போன மழையில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தபோது, மகளை அணைத்துக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

"ஏன்பா பேசிக்கிட்டே இருக்கீங்க?"

"பயமா இருக்கும்மா."

அவள் சற்று யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளும் ஒரு கதை சொல்லத் தொடங்கினாள்.