குடையைத் தூக்கியது நான்தான்

மே 12

மன்னித்துக்கொள், டைரியே. இன்றும் எல்லாரும் தூங்கிய பிறகுதான் உன்னைத் திறக்கிறேன். அறை விளக்கைப் போட்டால் என் பெண், வாண்டு, எழுந்துவிடுவாள். அதனால் குளியலறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டோம். நான் ஐந்து வருடம் வேலை பார்த்த ஊருக்கு, ஒரு வாரச் சுற்றுலாப் பயணியாக! ரயில் நிலைய வாசலில் வரைபடம் நீட்டிய பெண்ணிடம், "வேண்டாம்மா, இது என் ஊர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

கல்யாணத்துக்கு முன் இங்கே நான் நடைச் சுற்றுலா வழிகாட்டி. கூட்டம் பார்த்துத் தொடர்ந்து வருவதற்காக மடித்த குடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பேசுவேன். ஒரு நாளும் விழுந்ததில்லை.

கேப்டன் போன மாதம் போன் செய்தார். (முதலாளிதான். பட்டப்பெயரே பெயராகிவிட்டது.) "சீசனுக்கு ஆள் பத்தலம்மா. திரும்பி வர்றியா?" என் வீட்டுக்காரரின் ஆபீசுக்கும் இங்கே கிளை இருக்கிறது, மாற்றல் கேட்டால் கிடைக்கும். இவர்தான், "லீவுக்குப் போற மாதிரி போய்ப் பார்ப்போம். அந்த ஊர் உனக்கு இன்னும் ஒத்து வருதான்னு தெரிஞ்சிடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கேப்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒத்து வரும். கண்ணை மூடிக்கொண்டே காட்டுவேன் என்று ரயிலிலேயே சொல்லிவிட்டேன்.

மே 13

வழி தவறிவிட்டோம்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆற்றங்கரைக்குக் குறுக்குவழி என்று கூட்டிப்போன சந்து, ஏதோ கார் நிறுத்தும் கட்டடத்தின் முதுகில் போய் முட்டியது. அடுத்த சந்தில் படிக்கட்டு. எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன்! அங்கே படி இருந்ததே நினைவில் இல்லை. தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பல்லக்கு மாதிரி தூக்கினோம். உள்ளே மகாராணி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டே காட்டுவேன்னியே," என்றார் இவர், மூச்சு வாங்க. "கொஞ்சம் திறந்துதான் பாரேன்."

சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. அப்புறம் அவர் போனைப் பார்த்து வழி சொன்னார். என் ஊரில், எனக்கு, இவர் வழி சொல்கிறார்!

சாயங்காலம் வாண்டுக்கு நெற்றி சுட்டது. வெயிலா, காய்ச்சலா? தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் எடுத்தபோது இவர் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே 14

மாடி பஸ்ஸில் ஊர் சுற்றினோம். கோட்டை எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. கோட்டை வாசலுக்கு இடப்பக்கக் கழிப்பறையில் டயபர் மாற்ற மேடை இருக்கிறது, அது தெரியும். அருங்காட்சியகத்தில் சரிவுப்பாதை பின்வாசலில். சந்தைத் தெருவில் பதினோரு மணிக்கு மேல் பொட்டு நிழல் கிடையாது.

வாண்டு பாலுக்கு அழுதாள். மறைவாக உட்கார இடம் தேடி அலைந்தபோதுதான் பழைய நூலகத்தின் பின்முற்றம் கண்ணில் பட்டது. பெரிய மரம், சிமென்ட் பெஞ்சுகள், குடிதண்ணீர்க் குழாய், ஒரு பூனை. பக்கத்தில்தான் இத்தனை வருடம் கத்திக்கொண்டு நடந்திருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை.

மே 15

பல் முளைக்கிறது. அதுதான் நெற்றிச் சூடு. யாரும் தூங்கவில்லை.

மே 16

ஐயோ. இதை எப்படி எழுதுவது?

கேப்டனுடைய நடைச் சுற்றுலாவுக்கே டிக்கெட் வாங்கினோம். நான் யாரென்று சொல்லவில்லை. சும்மா பார்ப்போம் என்றுதான். வழிகாட்டி நீலச் சட்டை போட்ட ஒரு பெண், நன்றாகப் பேசினாள். என்னைவிட வேகம். மணிக்கூண்டு முக்கில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் அவளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடிகாரம் ஏன் தப்பு நேரம் காட்டுகிறது என்று விசாரணையே நடத்திக்கொண்டிருந்தார். அவள் தன் குடையை இறக்கிவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நல்ல வெயில். வண்டிக்கு மேல் என் குடையை விரித்துப் பிடித்திருந்தும் வாண்டு சிணுங்கினாள். சிக்னல் விழுந்தது. நான் குடையை மடித்தேன். என் கை தானாக மேலே போனது! பழக்கதோஷம். ஒரு கையில் வண்டி, ஒரு கையில் குடை, நேரே நூலகச் சந்துக்குள் திரும்பிவிட்டேன். சாலையைக் கடந்ததும் தலை எண்ணுவது இந்த வேலையில் மூச்சு விடுகிற மாதிரி. திரும்பி எண்ணினேன்.

மொத்தக் கூட்டமும் என் பின்னால். கடைசித் தலை, இவர்.

என்ன செய்ய? முற்றத்துக்கே கூட்டிப்போனேன். தொப்பிக்காரரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, "அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்தது. அவர் கடிகாரத்தையே கட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்றார். எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் எதிர்க் கட்டடம் என்ன என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்துவிட்டேன்!

நீலச் சட்டை ஓடி வந்தாள், வியர்த்து விறுவிறுத்து. முதலில் தலைகளை எண்ணினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க டூரிஸ்டா, இல்ல என் பொழப்புல மண்ணைப் போட வந்தீங்களா? திரும்பிப் பாத்தா நானும் தொப்பி சாரும்தான் நிக்கிறோம். ஒரு நிமிஷம் செத்தே போயிட்டேன்!"

கையெடுத்துக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். முன்பு இதே கம்பெனியில்தான் இருந்தேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது.

"பின்பக்கமாவே நடந்து போய் நீரூற்றுக்குள்ள விழுந்தவங்களா? கேப்டன் புதுசா வர்ற எல்லாருக்கும் அந்தக் கதையைத்தானே முதல்ல சொல்வாரு!"

(சரி. ஒரு நாள் விழுந்தேன்.)

"ஆனா இந்த இடம் நம்ம பாதையில இல்லையே, அக்கா?"

"எந்தப் பாதையிலயும் இல்ல. இவளுக்குப் பால் குடுக்க இடம் தேடினப்போ கிடைச்சது."

திரும்பி வரும்போது இவரைக் கேட்டேன், "குடை பிடிச்சது நான்தான்னு தெரியுமில்ல? நீங்க ஏன் வந்தீங்க?"

"நீ குடையைத் தூக்கினே. வந்தேன்." அவ்வளவுதான் சொன்னார்.

மே 17

காலையில் இவர் வாயெல்லாம் பற்பசை நுரையோடு கேட்டார், "மாற்றல் மனு இங்கேயே குடுத்துட்டுப் போகலாமா?"

பதறிப்போனேன். வாண்டுவை யார் பார்த்துக்கொள்வார்கள்? காய்ச்சல் வந்தால்? வெயிலில் நாள் முழுக்க நான் எங்கே, அவள் எங்கே? இவர் வாய் கொப்பளித்துவிட்டு, "இந்த வாரம் பூரா அவளை வச்சுக்கிட்டுதானே சுத்தினே" என்றார்.

அட! ஆமாம்.

மே 18

இன்று பகலிலேயே எழுதுகிறேன், முற்றத்துப் பெஞ்சில். வாண்டு பூனையைத் துரத்துகிறாள். இவர் இரண்டையும் துரத்துகிறார். கேப்டனுக்கு அனுப்பிய செய்தி, எனக்காக இங்கேயும்:

"கேப்டன், பழைய வேலை வேண்டாம். புதிதாக ஒன்று தாருங்கள். கைக்குழந்தையோடு ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நடை. காலையில் மட்டும். படி கிடையாது. வழியெல்லாம் நிழல், தண்ணீர், கழிப்பறை, பால் கொடுக்க மறைவிடம். பாதை என்னிடம் இருக்கிறது, தள்ளுவண்டியோடு நடந்தே பார்த்துவிட்டேன். என் பெண்ணும் கூடவே வருவாள். பின்பக்கமாக நடக்க மாட்டேன். இவர் நாளைக் காலை இங்கத்து ஆபீசில் மாற்றல் மனு கொடுக்கப் போகிறார். அதனால் பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்."