ஆளில்லாத இடத்துல கரண்டு எதுக்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த தொல்லை எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு துணிக்கடையில் நான் மாட்டிய, திருடன் வந்தால் கத்தும் அலாரத்துக்கு பேட்டரி சார்ஜே நிற்கவில்லை. இரண்டு பேட்டரி மாற்றியும் தினமும் காலையில் கீச்கீச். "இன்னொரு புகார் வந்தா மூட்டையைக் கட்டு" என்றார் என் முதலாளி.

நேற்று கடை மூடும்வரை அலுப்போடு காத்திருந்தேன். கடைக்கார அம்மா கிளம்பும்போது மெயின் சுவிட்சையே அணைத்தார். அலாரத்துக்கும் அந்த லைனையே கொடுத்த புத்திசாலி நான்தான்! ராத்திரி முழுக்க பேட்டரி மட்டும் தனியாக உழைத்திருக்கிறது.

"ஆளில்லாத இடத்துல கரண்டு எதுக்குடா?" என்றார். அப்படியே நீதான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அந்த சுவிட்சுக்கு முன்னாலிருந்தே அலாரத்துக்குத் தனி லைன் இழுத்துவிட்டேன், வேலை தப்பியது. உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காதே. பஸ் வந்துவிட்டது.

உன் மகன்