கனநீரும் வெறும் தண்ணீரும்

மார்ச் 4, 2024

கட்டுரையை அனுப்பிவிட்டேன். மூன்று வருட வேலை. காமா கதிர் கனநீரில் பாய்கிறது; அதிலுள்ள டியூட்டிரியக் கரு புரோட்டானாகவும் நியூட்ரானாகவும் உடைகிறது. தெறிக்கும் நியூட்ரான்களைக் கவுண்டர் கருவியால் எண்ணினோம். மனைவி அக்னஸ் கோழி சமைத்தாள்.

மார்ச் 12

கிஷன் என் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருப்பவன். என்னைக் கேட்காமல் கனநீரை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் வைத்து ஓட்டியிருக்கிறான்.

“அண்ணே, தண்ணியில உடையறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனாலும் பாதி எண்ணிக்கை வருது. நம்ம கவுண்டர் காமாவையே நியூட்ரான்னு எண்ணுது.”

வேலையைப் பார் என்றேன்.

மார்ச் 13

“கட்டுரைய திரும்ப வாங்கிடுங்கண்ணே. இல்லாட்டி பத்திரிகைக்கு நானே எழுதிருவேன்லா.”

அறைந்தேன். இடது காதோடு சேர்த்து. மேசை விளிம்பில் மோதி விழுந்தான். விழுந்தவனை உதைத்தேன். இரண்டு முறை. மூன்றா? பிறகு கதிர்த் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு ஈயக் கட்டியை உருவித் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். உதவியாளர் நோர்மா அலறியதால்தான் கீழே போட்டேன். தரை ஓடு உடைந்தது.

அலறியிருக்காவிட்டால்?

மார்ச் 14

கிஷனுக்குச் செவிப்பறை கிழிந்து உள்காதும் கெட்டுவிட்டது. அந்தப் பக்கம் இனிக் கேட்காதாம். ஏணியிலிருந்து விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து என்னுடையது.

அக்னஸிடம் சொன்னேன். “ஜெஃப்ரி வீட்ட விட்டுப் போனதும் இந்தக் கையாலதான். நம்ம புள்ளைய அடிச்சப்பவே நான் போலீசுக்குப் போயிருக்கணும்” என்றாள். அழவில்லை.

மார்ச் 16

நானே வெறும் தண்ணீர் வைத்து ஓட்டினேன். ஆறு மணி நேரம். பாதிக்கு மேல் வருகிறது.

அவன் சொன்னது சரி. சரியாக இல்லாமலிருந்தால் மட்டும் அடித்திருக்கலாமா? என்ன கேள்வி இது, மடையா.

மார்ச் 18

காலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். நேராகப் போலீஸ் நிலையம். இன்ஸ்பெக்டர் அஸ்லான் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டே, அடிபட்டவர் புகார் தரவில்லையே என்றார். அடித்தவன் தருகிறேன் என்றேன்.

ஜூலை 9

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டனை வெள்ளிக்கிழமை. சிறை நிச்சயம் என்கிறார் வக்கீல்.

நீதிமன்ற வராந்தாவில் கிஷன் உட்கார்ந்திருந்தான். கவுண்டரைச் சரிசெய்துவிட்டானாம், இப்போது தண்ணீரில் எதுவும் வருவதில்லையாம்; நோர்மா சொல்லியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. எழுந்து வலப்பக்கம் போய் மறுபடி கேட்டேன்.

“மொதல்லயே கேட்டுச்சுண்ணே, இந்தக் காதுல கொஞ்சம்” என்றான்.