பின்விளக்கு எரியவில்லை, அக்கா

என் பிரியமுள்ள செசிலி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முந்தாநாள் கல்லறைத் திருநாள். ஊரூர்க் குப்பத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் நடந்தே வந்து, நம் வழக்கம் தெரியாமல் உன் சிலுவைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்களாம். அம்மா அதைத் துடைக்கவில்லை. நான் கல்லறைத் தோட்டத்து வாசல் கேட்டோடு நின்றுவிட்டேன். ஏன் உள்ளே வரவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போய்விட்டான். மயிலாப்பூர் முழுக்கக் கொடி. மிட்டாய் கொடுத்தார்கள். ரேஷன் அரிசியில் மட்டும் அதே கல். உன் மருந்து வண்டியை ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட்டுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்திருக்கிறாள். நல்லவள்தான். நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வண்டி மிலிட்டரி ஏலத்தில் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? யுத்தம் முடிந்து, ஜீப்பும் அதன் பின்னால் இழுக்கிற டிரெய்லரும் சேர்ந்தே வந்தன. டிரெய்லருக்குக் கூண்டு கட்டி, மருந்து அலமாரி வைத்து, குப்பம் குப்பமாகப் போகலாம் என்று உங்கள் தர்ம சபை அம்மாக்கள் முடிவு பண்ணினார்கள். "ஒயர் வேலை என் தம்பி பார்ப்பான்" என்று நீதான் சொன்னாய். எத்தனை பெருமையாகச் சொன்னாய்.

ஜீப் பேட்டரியிலிருந்து டிரெய்லரின் பின்விளக்குக்கு ஒயர் நீளம் போதவில்லை. அடிப்பலகைக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒட்டுப் போட வேண்டியிருந்தது. சேறும் தண்ணீரும் வந்து அடிக்கிற இடம் அது. அங்கே எப்படி ஒட்டுப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அக்கா. செம்பைப் பளபளவென்று சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கும் மேலே கறுப்புத் துணி டேப்பைச் சுற்றி, வார்னிஷ் அடிக்க வேண்டும். ஒட்டை உயரத்தில் கட்டிவிட்டால், ஒயரில் ஓடுகிற தண்ணீர் அதற்குள் இறங்காது.

அன்றைக்கு ரப்பர் டேப் கிடைக்கவில்லை. யுத்தக் காலத்துத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. ஈயத்தைக் காய்ச்ச எனக்குப் பொறுமை இல்லை. வெறுமனே முறுக்கித் துணி டேப்பைச் சுற்றிவிட்டேன். விளக்கு எரிந்தது. நீ பின்னால் போய் நின்று பார்த்துச் சிரித்தாய். மழைக்கு முன்னால் பிரித்துச் சரியாகப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் உப்புக்காற்று மழை வரும்வரை காத்திருக்குமா?

ஒரு வெள்ளிக்கிழமை நீ சொன்னாய். "டேய் சவரி, பள்ளத்துல இறங்குனா பின்னால அந்தச் சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுதுடா. ஒரு தடவ பாரேன்." நான் அப்போது தியாகராய நகரில் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. ஏன் அக்கா கேட்கவில்லை? கோபித்துக்கொண்டிருக்கலாமே.

கல்யாணம் முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். குப்பத்தில் வேலை முடிந்து நீங்கள் கிளம்பும்போது சாயங்காலம், வெளிச்சம் இறங்குகிற நேரம். அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் தேங்கின தண்ணீரில் ஜீப் நின்றுபோயிற்று. டிரைவர் தேவராஜ் பானெட்டைத் திறந்துகொண்டு முன்னால் நின்றான். உன்னை இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னானாம். பாட்டில்கள் சரிந்து கிடக்கின்றன, அடுக்கிவிட்டு வருகிறேன் என்று நீ கூண்டுக்குள்ளேயே இருந்தாய். பின்னால் செங்கல் லாரி வந்தது.

உன்னை அடக்கம் பண்ணின மறுநாள், நொறுங்கின வண்டியை நிறுத்தியிருந்த போலீஸ் கொட்டடிக்கு நான் போனேன். உன் சாமான்களை எடுக்க என்றுதான் விட்டார்கள். பின்விளக்கு நசுங்கி உருத்தெரியாமல் கிடந்தது. ஆனால் என் ஒட்டு அப்படியே இருந்தது. குனிந்து டேப்பைத் தொட்டேன். ஊறிப்போன வெற்றிலை மாதிரிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இல்லை. பச்சைக் களிம்புதான் இருந்தது. லேசாக இழுத்தேன், இரண்டு ஒயரும் தனித்தனியாகப் பிரிந்தன.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. டேப்பை மறுபடி மேலே சுற்றிவிட்டு உன் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லாரி ஓட்டினவன் பேர் முனுசாமி. மந்தைவெளிக்காரன். சிவப்பு விளக்கைப் பார்க்கவே இல்லை என்று கோர்ட்டில் ஒரே பேச்சாகச் சொன்னான். எந்த டிரைவரும் இதைத்தான் சொல்வான் என்று சர்க்கார் வக்கீல் சிரித்தார். குப்பத்தை விட்டுக் கிளம்பும்போது விளக்கு எரிந்தது என்று தேவராஜ் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். ஒயர் வேலை ஒழுங்காக இருந்ததா என்று கேட்டார்கள். பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணின கையைக் கட்டிக்கொண்டு, இருந்தது என்று சொன்னேன். முனுசாமிக்கு ஆறு மாதம் போட்டார்கள். லைசென்ஸும் போயிற்று.

அதற்கப்புறம் நான் தூங்கினேன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். அதையும் மறைக்க மாட்டேன். வண்டி ரிப்பேராகி வந்ததும் ஒயரையெல்லாம் நானே பிடுங்கிப் போட்டுப் புதிதாக இழுத்தேன். ஒவ்வொரு ஒட்டையும் ஈயம் வைத்து, ரப்பர் சுற்றி, துணி சுற்றி, மூன்று தடவை வார்னிஷ் அடித்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். விளக்கு அசையவில்லை. அத்தனையும் ஒரு நாள் வேலைதான், அக்கா. ஒரே ஒரு நாள்.

என்னால் தாங்க முடியாமல் போனது அம்மாவின் ஜெபம். தினமும் காலைப் பூசை முடிந்து வந்து, உன் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "அந்தக் குடிகாரப் பாவிக்குக் கூலி கொடு ஆண்டவரே" என்று கேட்பாள். முனுசாமி குடித்திருந்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மந்தைவெளிக்குப் போய் விசாரித்தேன். முனுசாமி இப்போது கை ரிக்‌ஷா இழுக்கிறான். சவாரிக்கு வந்தவன் என்று நினைத்து எழுந்தான். நர்ஸம்மாவின் தம்பி என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, நகரவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி டேப், பச்சைக் களிம்பு, கோர்ட்டில் சொன்ன பொய், எல்லாம்.

அவன் கோபப்படுவான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் கேட்டது வேறு. "அப்ப லைட்டு இல்லியா?"

"இல்ல."

"நெஜமாவே இல்லியா நைனா?"

"இல்ல முனுசாமி. எரிஞ்சிருக்க வழியே இல்ல."

அவன் ரிக்‌ஷா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "மொதல்ல இல்லன்னுதான் சொல்லிகினு இருந்தேன். அத்தினி பேரு கீதுன்னு சொன்னாங்க. ஜெயில்ல குந்திகினு தெனம் நெனப்பேன். அப்பால எனக்கே தெரிய ஆரம்பிச்சிட்ச்சி, மழையில செவப்பா ஒண்ணு. இப்போ கண்ண மூடுனா அந்த லைட்டு எரியுது. அத்தப் பாத்துட்டே போய் ஒரு பொம்பளைய சாவடிச்சிட்டேன்னு இருந்தேன்."

நான் சரியாக ஒட்டுப் போடாத விளக்கு அவன் தலைக்குள் எரிந்துகொண்டிருக்கிறது, அக்கா.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் அவன் வீட்டுக்குப் போனான். அவன் பெண்சாதி ராஜம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். இவளிடம் சொல்லு என்றான். சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் அன்னிக்கே நம்பினேன்யா, அது தானே நம்பாம கீது" என்று அவனைக் காட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

கிளம்பும்போது முனுசாமி ஒன்றுதான் கேட்டான். கோர்ட்டுக் காகிதத்தில் எந்த இடத்தில் எரிந்தது என்று எழுதினார்களோ, அந்த இடத்தில் எரியவில்லை என்று எழுத வைக்க வேண்டும். ஒரு வக்கீலைப் பார்த்தேன். பொய்ச் சத்தியம் பண்ணினதற்கு என்னை உள்ளே போடலாம் என்று அவர் எச்சரித்தார். பரவாயில்லை, மனுவை எழுதிக் கொடுங்கள் என்றேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். உன் படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தன் படுக்கைப் பக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். இன்று காலை பூசைக்குத் தனியாகப் போனாள். திரும்பி வந்ததும் எப்போதும்போல முழங்காலில் நின்றாள். அந்தப் பழைய ஜெபத்தைச் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, உதடு மட்டும் அசைந்தது.

என்னை உள்ளே போட்டுவிட்டால் அவளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அவளோடு நீயும் இரு.

திங்கட்கிழமை காலையில் முனுசாமியோடு கோர்ட்டுக்குப் போகிறேன். அவனும் ராஜம்மாவும் கேட்டுக்கொண்டு நிற்க, விளக்கு எரியவில்லை என்று சொல்லப்போகிறேன். என் அவசரத்தால் எரியவில்லை என்றும், அது தெரிந்தே மறைத்தேன் என்றும் சொல்வேன். நடுவில் குரல் போய்விட்டால், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அவர்கள் முதலில், இறந்துபோனவர் உனக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் போன தடவை சொன்ன பதிலையே இந்தத் தடவையும் சொல்ல முடியும்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சவரிமுத்து