முள்கம்பி வேண்டாம் என்றேன்

ஜூன் 9, ஞாயிறு

மறுபடியும் மான். அண்ணாவின் அவரைப் பந்தலை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கின்றன. அண்ணி வைத்த ரோஜாக்களில் ஒரு துளிர்கூட இல்லை. ருக்மிணி அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் தோட்டத்தை விட்டால் அண்ணாவுக்கு வேறு எதிலும் மனசு ஓடுவதில்லை.

காட்டை ஒட்டின நிலம். மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி எனக்கும் என் குதிரைகள் சம்பா, துரை இரண்டுக்கும். வேலி வேண்டும் என்பதில் சண்டையில்லை. எந்த வேலி என்பதில்தான். அவர் முள்கம்பி என்கிறார். மிரண்டு ஓடுகிற குதிரைக்குக் கம்பி கண்ணில் படாது, நேராகப் போய் மோதும், மானோ ஒரே தாவலில் தாண்டிவிடும் என்றேன். தலையாட்டினார்.

ஜூன் 18, செவ்வாய்

மைசூரில் கல்யாணம் முடிந்து வந்து இறங்கினால், மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கம்பி. அஞ்சு வரிசை! நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து.

“இந்தப் பக்கம் எல்லாரும் இதான் போட்டிருக்கா. குதிரைக்குக் கண்ணில்லையா, நிரு?” என்கிறார் அண்ணா.

வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன்? அப்போ தலையாட்டினது எதுக்கு? ஆளை வரவழைத்து எடுக்கிறேன், கொஞ்சம் பொறு என்கிறார். அதுவரைக்கும் கம்பியில் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டியிருக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

சம்பா.

மத்தியானம் திடீரென்று இடி. மிரண்டு ஓடினாள். துணியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. மார்பு கிழிந்து தொங்கியது. முன்னங்கால் வரைக்கும் ரத்தம். இந்தத் துரை வேறு லாயத்தில் கத்திக்கொண்டே இருந்தான்.

கால்நடை டாக்டர் ஸ்னேஹா வந்து மயக்க ஊசி போட்டுத் தைத்தாள். நடப்பாள், ஓடுவாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். ரேஸில் ஓடி ஓய்ந்து, இங்கேயாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் கூட்டிவந்த குதிரை.

ஜூன் 22, சனி

நானே கம்பியை வெட்டினேன். கையெல்லாம் கீறல். அண்ணா வாசலில் நின்று பார்த்தார். மன்னிப்புக் கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமோ!

ஜூன் 27, வியாழன்

பேசவில்லை. சாப்பாடும் தனித்தனி.

ஜூலை 7, ஞாயிறு



சாயங்காலம் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். சுவிட்ச் பெட்டியிலிருந்து புதுசாக ஒரு ஒயர். அது போகிற வழியே போனால், தோட்டத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு கம்பி. வீட்டுக் கரண்ட்! பக்கத்துத் தோட்டத்துச் சுந்தரமூர்த்தி சொல்லிக் கொடுத்தாராம். இருட்டினதும் போட்டுவிட்டால் ஒரு மான் வராது என்று. வராதுதான். செத்துக் கிடக்கும்.

ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய் அண்ணா முன்னால் எறிந்தேன்.

“ருக்மிணி வெச்சது ஒவ்வொண்ணா போறது. நான் பாத்துண்டே இருக்கணுமா?” என்றார்.

“துரை அவுத்துண்டு வந்து அதுல பட்டா? அவனைப் பிடிக்க நான் ஓடி வந்தா? ரோஜாவுக்கு எத்தனை உயிர் வேணும் உனக்கு?”

நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ? இல்லை, பேசினது சரிதான். அவர் முகம் வெளுத்துப்போனது. அதையெல்லாம் அவர் நினைத்தே பார்க்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 8, திங்கள்

காலையில் ஒயரையும் கம்பியையும் அவரே சுருட்டிக் கொட்டகை வாசலில் போட்டிருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரே வேலி இரண்டு வேலையும் செய்யாது. இவ்வளவு நாள் நாங்கள் முட்டிக்கொண்டதே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. குதிரைக்கு வேண்டியது மார்பளவு உயரம், உறுதி, தூரத்திலேயே தெரிகிற வெள்ளை. மானுக்கு வேண்டியது உயரம் மட்டும், எட்டடி. அதை நிலம் முழுக்கப் போட முடியாது, தோட்டத்துக்கு மட்டும் போதும்.

ஒரு தாளில் வரைந்து அவர் மேஜைமேல் வைத்தேன். பேசாமல்தான்.

ஜூலை 20, சனி

சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கிற குஜரிக் கடைக்கு இரும்புக் குழாய் பார்க்க இருவரும் போனோம். மரம் போட்டால் இங்கே கரையான் விடாது. தோட்டத்துக்குப் போடப்போகிற கம்பி வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கண்ணி சின்னதா இருக்கட்டும். குளம்பு மாட்டிக்கப் போறது,” என்றார். இத்தனை நாளில் அவராகப் பேசின முதல் பேச்சு. சின்னக் கண்ணியே வாங்கினோம்.

ஜூலை 29, திங்கள்

குழாய்க்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. கீழ்வேலியைத் தாண்டி நாலு மான் வந்து துரையோடு மேய்ந்தன. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. மேயட்டும், புல்தானே. எட்டடி வலைக்குள் ரோஜா துளிர்த்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சம்பா லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். இனி ஓடமாட்டாள் என்று ஸ்னேஹா சொல்லிவிட்டாள். அதற்கு நான் யாரையும் மன்னிக்கப் போவதில்லை.

மருந்து போடுகிற நேரத்துக்கு அண்ணா தினமும் லாயத்து வாசலில் வந்து நிற்கிறார். அவரைக் கண்டாலே அவள் பின்னால் நகர்ந்துவிடுவாள். அவரும் உள்ளே வரமாட்டார். இன்றைக்கு அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். மருந்துக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, சம்பாவின் தலையை நான் பிடித்துக்கொண்டேன்.