அண்ணன் திம்மராயனுக்கு

பாகலூர்,
ஐப்பசி 24, 1955.

சீமையில் இருக்கும் திரு. திம்மராயன் அவர்களுக்கு முனிலட்சுமி எழுதுவது. இங்கே உங்கள் அப்பா, அம்மா, மாடு கன்று எல்லாம் சௌக்கியம். என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்ன இவள், புருஷன் பெயரையே எழுதிவிட்டாளே என்று பதற வேண்டாம். ஆறு மாதமாக இந்த வீட்டில் நான் உங்கள் தங்கை. அண்ணன் பெயரைத் தங்கை எழுதினால் வானம் இடிந்து விழாது.

ஓசூரும் நீங்கள் இப்போது இருக்கும் ஊரும் இனிமேல் சகோதர ஊர்கள், இங்கிருந்து ஒரு வாலிபன் அங்கே போவான், அங்கிருந்து ஒருவன் இங்கே வருவான் என்று கமிட்டி போட்டார்கள். கல்யாணம் ஆகாதவனுக்குத்தான் இடம் என்றதும், கூசாமல் "இன்னும் ஆகலைங்க சார்" என்றீர்கள். வீட்டுக்கு வந்த கமிட்டிக்காரர்களிடம், முழுகாமல் இருந்த என்னைக் காட்டி உங்கள் அம்மா, "எம்பொண்ணுங்க, மசக்கைக்கு வந்திருக்குது" என்றார். நீங்கள் அதைக் கேட்டும் கேட்காதவர்போல் டிரங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வந்தால் கவர்ன்மெண்டு உத்தியோகம் என்று எனக்குச் சமாதானம் வேறு!

உங்களுக்குப் பதிலாக வந்த டாம் மேல் எனக்குக் கோபமில்லை. சாணி அள்ளுகிறான், களி தின்கிறான், தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுகிறான். உங்களுக்குச் சோறு போடுவது அவனைப் பெற்றவள். என் வீட்டுக்காரர் எங்கே என்று ஒருநாள் கேட்டான். பட்டாளத்தில் என்று உங்கள் அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பரிமாறவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை இப்போது வைக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டில் சொல்லியனுப்பியும் கேட்காமல், என் அப்பா ராயக்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தாயில்லாத பெண் என்று அவரே கடை ஏறி வளையல் வாங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கமிட்டிக் காரியதரிசி டாமோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று கேட்டார். உங்கள் அம்மா சற்றும் யோசிக்காமல், "வளையல்காரருங்க" என்றார்.

டாம் துள்ளி எழுந்தான். தன் தங்கை மார்கரெட்டுக்கு வளையல் வேண்டுமாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பச்சை வளையல் ஒரு டஜன் எடுத்து அவனிடம் கொடுத்து, "காசு வேணாம் தம்பி, வெச்சுக்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் முகத்தைக் காட்டாமல்தான் போனார்.

போன வாரம் மார்கரெட்டின் கடிதத்தை டாம் சிரித்துச் சிரித்து எங்களுக்குப் படித்துச் சொன்னான். டாம் அனுப்பிய வளையல் கையில் ஏறவில்லையாம். நீங்கள்தான் சோப்பு தடவி, ஒன்றுகூட உடையாமல் போட்டுவிட்டீர்களாம். கல்யாணமாகாத நல்ல பையன் என்று அவன் அம்மாவுக்கும் உங்கள் மேல் கொள்ளைப் பிரியமாம்.

அட பாவி மனுஷா! என் கைக்கு ஒரு நாளாவது வளையல் போட்டுவிட்டிருக்கிறீர்களா? அது என் பிள்ளைக்காக என் அப்பா வாங்கிய வளையல்.

அங்கேயே, அப்போதே, டாமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மானத்த வாங்கிட்டியேடி" என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். யார் மானத்தை என்று கேட்டேன். டாம் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதி முடித்தான்.

அதுவும் இதுவும் ஒரே தபாலில் வருகின்றன. அந்த அம்மாள் உறையைப் பிரிப்பதற்குள் நீங்களே போய், உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இன்று ராயக்கோட்டைக்குப் போகிறேன். எனக்கு ஒன்பதாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது. அங்கே குளிர் அதிகமென்று டாம் சொல்கிறான். உங்கள் நெஞ்சுச் சளிக்கு ஆகாது, கம்பளிச் சட்டையைக் கழற்றாதீர்கள். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை.

தெய்வம் உங்களைக் கைகால் சுகத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் நேரே ராயக்கோட்டைக்கு வாருங்கள். வாசலில் என் அப்பா இருப்பார். முதலில் அவர் காலில் விழுங்கள். அப்புறம்தான் குழந்தையை உங்கள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
முனிலட்சுமி