எத்தனை வருடம் இருப்பதாக எண்ணம்?

ஞாயிறு இரவு, ஆம்பூர்

நாளை செல்விக்கு நேர்முகத் தேர்வு. ஜப்பானில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அங்கிருக்கும் கிழவர்களைப் பார்த்துக்கொள்ள என் மகள் போக வேண்டுமாம். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. போனில் பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

மாலையில், "அப்பா, நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்" என்றாள். எத்தனை வருடம் அங்கே இருப்பதாக எண்ணம் என்று ஜப்பானிய மொழியில் கேட்டேன். எண்ணத்தைச் சொல்ல 'ட்சுமோரி' என்று ஒரு சொல் வரும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"இன்னாம்மா, மறந்துட்டியா?"

"இல்லப்பா. ரொம்ப வருஷம் இருப்பேன்னு சொல்லணும், அப்பதான் வேலை குடுப்பாங்க. கடைக்குக் கெளம்புறப்போ 'போறேன்'னு சொன்னாலே நீ திட்டுவ. உன் மூஞ்சியப் பார்த்து இத எப்படிச் சொல்றது?"

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கேள்வியை மறுபடி கேட்டேன்.

பிழையில்லாமல் சொன்னாள்.

"சரியாப்பா?"

சரிதான் என்று சுவரிடமே சொன்னேன்.